எக்ஸ்ப்ளோரருக்கும் அமாவாசை

என் மாமா வாய்க்கால் காண்ட்ராக்டர். தூர்வாருவது, மதகு கட்டுவது, கட்டிய மதகுக்கு பில் வாங்க அலைவது, இந்த மூன்றும்தான் தொழில். நான்காவதாக ஆன்லைன் டெண்டர் வந்தது. அதை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்.

டெண்டர் போடும் இணையதளம் எந்தத் துறையுடையது என்று சொல்ல மாட்டேன். போன வருஷத்து மதகு பில் இன்னும் பாஸாகவில்லை. அந்தத் தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் திறக்கும். குரோமில் போனால் வெள்ளைத் திரை. ஃபயர்ஃபாக்ஸில் போனால் பட்டன்கள் எல்லாம் தெரியும். எதை அழுத்தினாலும் அசையாது, துறையைப் போலவே. கையெழுத்துக்கென்று டிஎஸ்சி டோக்கன், பென்டிரைவ் மாதிரி ஒரு சாமான். அதுவும் எக்ஸ்ப்ளோரரைத் தவிர வேறு யாருக்கும் முகம் கொடுக்காது.

இதில் ஒரே ஒரு சிக்கல். எக்ஸ்ப்ளோரர் உயிரோடு இல்லை. 1995 ஆகஸ்டில் பிறந்தது. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட்டே அதற்குக் காரியம் முடித்துவிட்டது. தென்கொரியாவில் ஒரு மென்பொருள் பொறியாளர் 4,30,000 வோன் செலவழித்து அதற்குக் கல்லறைக் கல்லே செய்து, கியோங்ஜு நகரில் தன் சகோதரரின் காபிக் கடை மொட்டைமாடியில் வைத்தார். வேறு பிரவுசர்களை டவுன்லோட் செய்ய நல்ல கருவியாக இருந்தது என்று அதில் பொறித்திருந்தார். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று யோசித்து, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த ஊர் வங்கிகளும் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் நிரல்களைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காக எக்ஸ்ப்ளோரரை விடாமல் இருந்தவைதான். அதனால் அவர் எனக்கு ஒரு வகையில் பங்காளி.

மாமாவிடம் சமாச்சாரத்தைச் சொன்னேன்.

"எக்ஸ்ப்ளோரர் செத்துடுச்சு மாமா."

"எப்படா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப போன மாசம் டெண்டர் போட்டது யாரு?"

நியாயமான கேள்வி. போட்டது ஆவி. அது குடியிருப்பது எட்ஜ் பிரவுசருக்குள்ளே. எட்ஜ் 2015-ல் சொந்த எஞ்சினோடு வந்தது. ஊரில் யாரும் சீந்தவில்லை. 2020 ஜனவரியில் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, குரோம் எதன்மேல் ஓடுகிறதோ அந்தக் குரோமியத்தையே மாட்டினார்கள். பக்கத்து வீட்டு அடுப்பில் உலை வைத்துக்கொண்ட பிறகும் ரோஷம் போகவில்லை. குரோமை டவுன்லோட் செய்யப் போனால், நாங்களும் அதே தொழில்நுட்பம்தானே, அங்கே எதற்குப் போகிறீர்கள் என்கிற பாணியில் ஒரு பட்டை வந்து வழியை மறிக்கும்.

இந்த எட்ஜின் செட்டிங்ஸில் 'ஐஇ மோட்' என்று ஒன்று உண்டு. அதில் தளத்தின் முகவரியைச் சேர்த்துவிட்டுத் திறந்தால், முகவரிப் பட்டையின் ஓரத்தில் எக்ஸ்ப்ளோரரின் பழைய சின்னம் எட்டிப் பார்க்கும். காக்காய் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வந்த காக்காய் முப்பது நாள்தான் தங்கும். முகவரியைச் சேர்க்கும்போதே பக்கத்தில் காலாவதித் தேதியையும் போட்டுவிடுவார்கள். நாள் முடிந்தால் மறுபடி சேர்க்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் நிரந்தரப் பட்டியல் போட்டுக்கொள்ள வழியிருக்கிறது. ஒற்றை லேப்டாப் சம்சாரிகளுக்கு மாசாமாசம் திதிதான். தேதியை நினைவில் வைக்க நான் ஓர் உபாயம் செய்தேன். அமாவாசைதோறும் மாமா விரதமிருந்து காக்காய்க்குச் சோறு வைப்பார். அவர் மொட்டைமாடிக்கு ஏறும்போது நான் லேப்டாப்பைத் திறப்பேன். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் சராசரி இருபத்தொன்பதரை நாள். அரை நாள் லாபம் வேறு.

ஆடி அமாவாசைக்கு எல்லோரும் திருவையாற்றுக்குக் காவேரியில் முழுகப் போனோம். மாமாவின் முன்னோர் மூன்று தலைமுறைக்கும் எள்ளும் தண்ணீரும் கிடைத்தன. லேப்டாப் வீட்டில் இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு ஒரு டெண்டர் முடிகிறது. இரண்டு நாற்பதுக்குத் திறந்தேன். வெள்ளைத் திரை. பதறிப்போய் முகவரியைச் சேர்த்தேன். ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். திருத்தினேன். டோக்கன் பாஸ்வேர்டு கேட்டது. மூன்று தடவைக்கு மேல் தப்பினால் டோக்கன் பூட்டிக்கொள்ளும் என்பார்கள்; கை நடுங்கியது. உள்ளே போனபோது மணி மூன்று ஒன்று. என் மறதிக்கு யாரை நோவது? அந்த வேலை எடுத்தவர் வீட்டுப் பையன் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறவனாம். மாமா இதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

தேதியில் கோட்டை விடுவதில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. மைக்ரோசாஃப்ட் விற்ற பாட்டுப் பெட்டி ஸூன். அதன் முதல் மாடல், 30 ஜிபி, 2008 டிசம்பர் 31 அன்று ஒட்டுமொத்தமாக உறைந்துபோனது. அது லீப் வருஷத்தின் 366-ஆவது நாள். உள்ளே இருந்த கடிகார நிரலுக்கு அப்படியொரு நாளைத் தாண்டும் வழி தெரியவில்லை. வைத்தியம் என்ன? பேட்டரி தீரட்டும், ஜனவரி 1 மத்தியானத்துக்கு அப்புறம் சார்ஜ் போடுங்கள். நம்மூர் ஜோசியர் சொல்லும் அதே பரிகாரம்: இந்த நாள் கழியட்டும். 2012 பிப்ரவரி 29 அன்று அவர்களின் அஸூர் சர்வர்கள் படுத்தன. ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ் எழுதும்போது 2013 பிப்ரவரி 29 வரை செல்லும் என்று எழுதப் பார்த்திருக்கிறது நிரல். அத்தை வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஆடிக்கு ஒரு வருஷம் முப்பத்தொரு நாள், ஒரு வருஷம் முப்பத்திரண்டு. அது ஒருநாளும் உறைந்து நின்றதில்லை.

ஐஇ மோட் குறைந்தது 2029 வரை இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. மாமாவிடம் அதையும் சொன்னேன்.

விரலை மடக்கி எண்ணினார். "அதுக்குள்ள அந்த மதகு பில் பாஸாயிடுமாடா?"