துவக்கச் சிக்கல் குறித்த எளாவூர்க் கோட்பாடு

ஒரு பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்தால் ஸ்விட்சைப் போட்டதும் எழுந்திருப்பது யார்? இதனை உரையாசிரியர் எவரும் தொடாது விட்டமையின் யாம் ஆராயப் புகுந்தோம். களம் எளாவூர். ஆய்வுப்பொருள், அக்கா மகன் பள்ளியில் பெற்ற லேப்டாப்.

வரலாறு சிறிது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். பெட்டியில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பேர் பாஸ், பிள்ளைகள் முதலாளியாக ஏற்றதோ மற்றவரை. அது தனி ஆய்வு.

இனிக் கோட்பாடு. ஆந்திர எல்லைக்கு முன்னால் லாரிகளை நிறுத்தி விசாரிக்கும் நம்மூர்ச் செக்போஸ்டை அறியாதார் இலர். ஹார்டு டிஸ்கின் தலைமாட்டிலும் அப்படியொன்று உண்டு. மொத்த இடம் 512 பைட். அதில் 64 எல்லைக் கணக்குக்கு, 2 முத்திரைக்கு. மிச்சம் 446 பைட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்பவர் பெயர் கிரப்.

சிக்கல் இருவகைத்து: காவலர் மாறியது, காவலரின் வீடு இடிந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கடையில் புதிதாக ‘ஓஎஸ் போட்டு’ வந்தான் பையன். விண்டோஸ் குடியேறும்போதே 446 பைட்டிலும் தன் ஆளை உட்காரவைக்கும். அவருக்கு ஒரே ஊருக்குத்தான் வழி தெரியும்.

“மாமா, லினக்ஸ் பூட்ச்சு.”

“பூடலடா, உள்ளதான் கீது.”

இல்லாமை வேறு, காணாமை வேறு என்க. இது முதல் வகை. படம் இறக்க இடமில்லையென்று லினக்ஸ் பகுதியையே அழித்துவிட்டு, ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரைமுன் விழிப்பது இரண்டாம் வகை. அதற்கு இரங்கற்பா மட்டுமே உண்டு. விண்டோஸ் சிடி இருப்பின் அதுவும் வேண்டா.

முதல் வகைக்கு மருந்து: பென்டிரைவில் ஒரு லினக்ஸை ஏற்றி, அதன்வழி எழுப்பி, பழைய லினக்ஸ் பகுதியை மவுண்ட் செய்து, ‘கிரப்-இன்ஸ்டால்’ கட்டளை இடுக. இடுங்கால் முழு டிஸ்கைக் குறிக்கும் எஸ்டிஏ என்க, அதன் ஒரு பகுதியைக் குறிக்கும் எஸ்டிஏ1 என்னற்க. என்னை? செக்போஸ்ட் நெடுஞ்சாலையில் இருத்தல் வேண்டும், ஒரு வீட்டுத் திண்ணையில் அன்று. இந்த ஒற்றை எண்ணால் யாம் இழந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பின்வந்த யுஇஎஃப்ஐ கணினிகளுக்கு இவ்விதி பொருந்தாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகள் போனாற்போல, அங்கே 446 பைட் சாவடியும் ஓய்வு பெற்றது. பெரும்பாலும் பயாஸில் நுழைந்து வரிசையை மாற்றினால் போதும்.

ஈண்டு ஒரு புறனடை. பெட்டியின் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமென்று கொள்ளும். லினக்ஸ் கிரீன்விச் நேரமென்று கொள்ளும். லினக்ஸ் திருத்திவைத்துப் போனபின் விண்டோஸுக்குள் நுழைந்தால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கும்.

இரண்டு பெயர்களும் திரையில் ஒருங்கே தோன்றிய அன்று பையன் விண்டோஸைத் தட்டினான். அக்கா சோற்றுக்குக் கூப்பிட்டாள். மணி மதியம் இரண்டு.

“எட்டரைதான்மா ஆவுது,” என்றான் பையன், திரையைக் காட்டி. “இட்லி இருந்தா குடு.”