விஸ்காம் முடித்தால் என்ன வேலை?

சேலத்தை அடுத்த கருப்பூரில் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்திலும், சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வகுப்புகளிலும் செய்தி எழுதுதல், ஒளிப்பதிவு, விளம்பரம், தொடர்பியல் கோட்பாடுகள் எல்லாம் கற்பிக்கப்படுகின்றன. சேரும்போது மாணவரின் கண் கோடம்பாக்கத்தின் மேல்தான். சேலத்துக்குச் சினிமா புதிதல்ல. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்ததுதான் 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’. வசனம் மு. கருணாநிதி; அவர் விஸ்காம் படித்தவரல்ல, எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்ல. ஸ்டுடியோவில் இன்று மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு. அதன் முன் நின்று செல்ஃபி எடுப்பது பாடத்திட்டத்தில் இல்லாத செய்முறைப் பயிற்சி.

பட்டம் வாங்கியவரைக் கல்யாண மண்டபம் முதலில் அழைக்கிறது. முகூர்த்த நேரத்தில் டிரோன் கீழிறங்க, ஐயர் சொல்லும் மந்திரம் யார் காதிலும் விழாது. தொடர்பியலில் இதற்கு ‘இரைச்சல்’ என்று பெயர். அடுத்தது, தனியார் கல்லூரியில் மக்கள் தொடர்பு அலுவலர் பதவி. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீடு வீடாகப் போன் போட்டு, “தம்பி கட் ஆஃப் எவ்வளவுங்க?” என்று கேட்பதே அங்கு மக்கள் தொடர்பு.

நாமக்கல் பக்கம் நிருபரானால் தினமும் முட்டை விலை எழுத வேண்டும். ஐந்து காசு ஏறினாலும் இறங்கினாலும் கோழிப்பண்ணைக்காரர்கள் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். எழுதியவர் பெயர் அதில் வராது.