எங்கட ஆள்

வெள்ளவத்தையில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். கனடாவிலிருக்கிற ஒன்றுவிட்ட மச்சானைப் பிடித்து, பெடியன் குடிக்கிறவனோ என்றும் விசாரிப்பார்கள். அதே வீட்டார் மேல்மாடி எழுப்ப, கட்டட வேலை எடுக்கிற பாஸ் ஒருவனிடம் இலட்சக்கணக்கில் முற்பணம் தூக்கிக் கொடுக்கும்போது கேட்பது ஒரேயொரு கேள்வி: "தம்பி எந்த ஊர்?" பக்கத்து ஊர் என்றால் காரியம் முடிந்தது. எங்கட ஆள்தானே!

இந்த நாட்டில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை என்றொன்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்தது. ஒப்பந்தகாரரைப் பதிந்து தரம் பிரிப்பது அதன் வேலை. பதிவு இலக்கம் கேட்டால் பாஸின் மனம் நோகுமாம். ஐயோ பாவம்! தூணுக்குப் பதினாறு மில்லி கம்பி என்று பில் போட்டுவிட்டுப் பன்னிரண்டு மில்லியைக் கட்டுகிறபோது அந்த மென்மையான மனம் எங்கே போகிறது? கொங்கிரீட் மூடிய பிறகு கம்பியை யார் அளக்கிறது? 2022இல் சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது உண்மை. பிறகு விலை இறங்கியது; பாஸின் கணக்கில் மட்டும் அது இன்னும் இறங்கவில்லை. கட்டடச் சாமான் விற்கிற பழைய சோனகத் தெருவில் போய் ஒருதரம் விலை விசாரிக்க எங்களுக்கு நேரமில்லை. டொரொண்டோவிலிருந்து காசு அனுப்புகிற மகனுக்கோ, வாட்ஸ்அப்பில் யாரோ வீட்டுக் குளியலறைப் படம் வந்தால் போதும்.

பாஸை மட்டும் திட்டி என்ன பலன்? மாநகர சபையில் இரண்டு மாடிக்கு அனுமதி எடுத்துவிட்டு நாலாவது மாடிக்குத் தட்டு அடிக்கச் சொன்னது யார்? கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில், போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறையில், இரவிரவாகக் கலவை இயந்திரம் கத்தும். கந்தோர் பூட்டு. திறந்த பிறகும், ஒழுங்கையை அடைத்துக் கிடக்கிற மணல் குவியலைச் சுற்றி நடந்து போகிற அதிகாரிக்கு நாலாவது மாடி தெரியாது. அவருடைய கழுத்தில் என்ன வருத்தமோ, நிமிராது. அல்லது கையில் ஏதும் கனமோ?

இங்கேதான் பாஸின் முழுப் பலமும். அனுமதியில்லாத மாடிக்காக நீங்கள் எந்தச் சட்டத்தரணியின் படியேறுவீர்கள்? அவர் முதலில் வரைபடத்தைக் கேட்பார். களவாகக் கட்டச் சொன்ன அன்றைக்கே உங்கள் குடுமி அவன் கையில். பாதி வேலையில் தொலைபேசியை அணைத்துவிட்டு மற்றச் சந்தியில் இன்னொரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவான், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க.

2017 மே 18 அன்று வெள்ளவத்தை சவோய் திரையரங்குக்கு அருகே மாடிக் கட்டடமொன்று பொலபொலவென்று சரிந்தது. இடிபாட்டுக்குள் உயிர் போனது, பலர் காயப்பட்டார்கள். சபைகளுக்கும் அமைச்சுகளுக்கும் அன்றைக்குத்தான் கண் திறந்தது: அனுமதி, ஆய்வு, நடவடிக்கை என்று ஒரே சத்தம். பிணம் விழாமல் இந்தக் கந்தோர்களில் ஒரு கோப்பும் நகராதா? தூசி அடங்க, சத்தமும் அடங்கியது. ஒழுங்கைகளில் தட்டு அடிப்பது அடங்கவில்லை.

இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் கேட்கிறார்: "உங்கட பாஸ் எப்பிடி, நம்பலாமோ?" பாதியில் நிற்கிற குளியலறைக்குள் வாளியில் தண்ணீர் அள்ளிக் குளிக்கிற மனிதர் சொல்கிறார்: "சோக்கான ஆள், கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோ." புது வேலையொன்று பிடித்துத் தந்தால் இவருடைய குளியலறை மாபிள் வேலையை முடித்துத் தருவதாக பாஸ் வாக்குக் கொடுத்திருக்கிறான்.