உத்தரவாதத்துக்கே உத்தரவாதம்

கேள்வி: காரின் நம்பகத்தன்மைக்குத் தரப்படும் மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? தயாரித்த நிறுவனமே திவாலானால் அது தந்த உத்தரவாதத்துக்கு என்ன மதிப்பு?

பதில்: அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம், நூறு வண்டிகளுக்கு எத்தனை குறைகள் என்பதை உரிமையாளர்களிடமே கேட்டுக் கணக்கிடுவதால், கைப்பேசியோடு இணைய மறுக்கும் திரையும் நடுவழியில் காலை வாரும் கியர்பெட்டியும் அங்கே தலைக்கு ஒரு குறையாகவே எண்ணப்படுகின்றன. அந்த எண்ணில் எஞ்சினின் உழைப்போடு உரிமையாளரின் முணுமுணுப்பும் கலந்திருக்கிறது என்பதே பொருள். நம்பிக்கையில் பெயருக்கும் பங்கு உண்டு: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய ஆலையில் உருவான ஜியோ பிரிசமும் டொயோட்டா கரோலாவும் ஏறத்தாழ ஒரே வண்டியாக இருந்தும், பழைய கார் சந்தையில் கரோலாவே கூடுதல் விலைக்குப் போனது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் நல்ல வீட்டு முகவரி வாய்த்திருந்தது! திவாலைப் பொறுத்தவரை, 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் பாதுகாப்பை, அதாவது கடன்காரர்களின் பிடியைத் தளர்த்தி நிறுவனத்தைச் சீரமைக்க நீதிமன்றம் தரும் அவகாசத்தை, நாடியது. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், வாங்குவோர் அஞ்சி ஓடாதிருக்க, அதன் கார்களின் உத்தரவாதத்துக்கு அமெரிக்க அரசே பொறுப்பேற்றது. 2011 டிசம்பரில் திவாலான சுவீடனின் சாப் நிறுவனத்துக்கோ அந்த யோகம் இல்லை. ஆனாலும் அதன் உதிரிபாகப் பிரிவு பிழைத்துக்கொண்டதால், தாய் நிறுவனம் மறைந்த பின்னும் அதன் கார்கள் சாலையில் ஓடின.