கொசுவுக்குப் பின்னால் யார்?

கேள்வி: வைரஸ், ஒட்டுண்ணி இரண்டுமே அடுத்தவர் உடம்பை அண்டிப் பிழைப்பவைதானே? பிறகு எதற்கு இரண்டு கணக்கு?
– கல்லூரி மாணவி, சாரம்

பதில்: பிழைக்கும் வழியைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஓர் உயிரின் செல்லுக்குள் நுழையாமல் எந்த வைரஸும் பெருகாது. ஆனால் மருத்துவர்கள் ஒட்டுண்ணி என்று பிரித்துச் சொல்வது, சொந்தமாக ஓர் உடல் உள்ள உயிரை. மலேரியாக் கிருமிக்கு ஒரே செல்தான். அதுவும் தின்னும், கழிவு விடும். யானைக்கால் நோய் தரும் பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளரும். டெங்கு வைரஸின் குறுக்களவோ சுமார் 50 நானோமீட்டர். உறைக்குள் மரபுப்பொருள், அவ்வளவுதான். உடல் உள்ளதைத் தாக்க மருந்துக்குப் பல இடம் கிடைக்கும். யானைக்காலுக்கு டி.இ.சி. மாத்திரை உண்டு, மலேரியாவுக்கும் மருந்துகள் உண்டு. டெங்கு வைரஸை ஒழிக்கும் மாத்திரை இன்னும் நம் கைக்கு வரவில்லை. கணக்கு இரண்டாக இருப்பது இதற்காகத்தான்.

கேள்வி: பரப்புவது கொசு. அதை ஒழித்தால் எல்லாம் முடிந்ததே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாரம்

பதில்: எந்தக் கொசுவை, ஐயா? யானைக்காலைப் பரப்பும் கியூலெக்ஸ் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளரும். டெங்குவின் ஏடிஸுக்கு மாடித் தொட்டி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டில் தேங்கும் தெளிந்த நீர் போதும். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை இந்த ஊரில் யானைக்காலை எதிர்த்துப் பெரிய வேலை செய்தது. அது கியூலெக்ஸோடு நடந்த போர். தெரு வாய்க்கால் சுத்தமாகிவிட்டது என்று மாடித் தொட்டியைத் திறந்து போடாதீர்கள்.

கேள்வி: யானைக்கால் சோதனைக்கு ஏன் ராத்திரி ரத்தம் எடுக்கிறார்கள்?
– இல்லத்தரசி, சாரம்

பதில்: குட்டிப் புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கி, நள்ளிரவை ஒட்டித் தோலோர ரத்தத்துக்கு வரும். கியூலெக்ஸ் கடிப்பதும் ராத்திரியில்தான்.

கேள்வி: டெங்குவை அடக்கக் கொசுவுக்குள் பாக்டீரியாவை விடுகிறார்களாமே?
– வாசகர், சாரம்

பதில்: வோல்பாக்கியா. கொசுவுக்குள் அது இருந்தால் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது. அப்படிப்பட்ட ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக நம் ஊர் மையமே 2022-ல் அறிவித்தது. எனக்கு இதில் பெரு வியப்பு ஒன்று உண்டு. யானைக்கால் புழுவின் உடலுக்குள்ளும் வோல்பாக்கியா வகை பாக்டீரியா இருக்கிறது; அங்கே அது புழுவுக்குத் துணை. டாக்சிசைக்ளின் கொடுத்து அதை அழித்தால் புழு மலடாகி, மெல்லச் செத்துப்போகிறது. வைரஸுக்குப் பகையாவதும் புழுவுக்கு உறவாவதும் ஒரே இனம். முதல் கேள்வி கேட்ட மாணவி இதைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: காய்ச்சல் வந்தால் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?
– கடைக்காரர், சாரம்

பதில்: கூடாது. டெங்குவை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது. முதலில் ரத்தப் பரிசோதனை. டெங்குவாக இருக்கலாம் என்றால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமாலும், கஞ்சி, இளநீர் என்று நிறைய நீராகாரமும் எடுங்கள். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். அப்போது வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.