மருந்தும் சர்க்கரையும்: ஏர்பேட்டில் அன்றும் இன்றும்

ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில், வெங்கடகிரி சாலை பிரிகிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஏர்பேடு. 2003-இல் அது சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். அன்று கூட்டுரோட்டில் என் சித்தப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். கோலி சோடா, நன்னாரி சர்பத், எலுமிச்சை ஜூஸ், கூடவே ஐஸ்பெட்டிக்குள் 200 மில்லி கோலா பாட்டில்கள். பாட்டில் அஞ்சு ரூபாய். காளஹஸ்திக்குப் போகிற யாத்ரீகர்களும் லாரி டிரைவர்களும் வாங்குவார்கள். மாந்தோப்பில் மருந்தடித்துவிட்டு முதுகில் தெளிப்பானோடு வருகிற கூலியாட்களும் கூலி கிடைத்த நாளில் வாங்குவார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, டெல்லியில் சுனிதா நாராயண் தலைமையிலான அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. சி.எஸ்.இ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 12 குளிர்பான வகைகளைச் சோதித்ததில் லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் எல்லாம் இருந்தன. லிட்டருக்கு மொத்தம் அரை மைக்ரோகிராமுக்கு மேல் பூச்சிக்கொல்லி இருக்கக் கூடாது என்பது ஐரோப்பாவில் குடிநீருக்கு வைத்திருந்த வரம்பு. இங்கே விற்ற பாட்டில்களில் சராசரியாக அதைப்போல 34 மடங்கு இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவில் வாங்கிச் சோதித்த பாட்டில்களில் ஒன்றும் இல்லை.

அடுத்து நடந்ததை அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், கடைக்கு வரும் தெலுங்குப் பேப்பரிலும் தமிழ்ப் பேப்பரிலும் படித்து சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாடெங்கும் விளம்பரத்தில் மோதிக்கொண்டிருந்த கோக்கும் பெப்சியும் ஒரே மேடையில் உட்கார்ந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தன. ஆய்வகத்தின் தகுதியைக் கேள்வி கேட்டன. பெப்சி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இன்னொரு பக்கம் கட்சிகளின் இளைஞர் அணிகள் தெருவில் பாட்டில்களை உடைத்தன. நாடாளுமன்ற உணவகத்தில் குளிர்பானத்தை நிறுத்தினார்கள். சுகாதார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் மைசூரிலும் கொல்கத்தாவிலும் உள்ள அரசு ஆய்வகங்களில் சோதிக்கச் சொன்னார். மருந்து எச்சம் இருக்கத்தான் செய்தது, ஆனால் சி.எஸ்.இ. சொன்ன அளவைவிடக் குறைவு, நம் நாட்டில் பாட்டில் தண்ணீருக்கு அன்றிருந்த வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அவர் அவையில் சொன்னார். அதே சோதனையில் 12 வகைகளில் 9 ஐரோப்பிய வரம்பைத் தாண்டியிருந்தன. எனவே நிறுவனங்கள் தாங்கள் நிரபராதி என்றன, ஆர்வலர்கள் தாங்கள் சொன்னது நிரூபணமானது என்றார்கள். இரண்டு தரப்பும் கையில் பிடித்திருந்தது ஒரே அறிக்கையைத்தான்.

அந்த நாட்களில் கடைக்கு வந்த ஒரு கூலியாள் சித்தப்பாவிடம் கேட்டது என் மனதில் பதிந்துவிட்டது. "ஏம்ணா, பாட்டில்ல இருக்குன்னு சொல்றாங்களே, அதுவும் நாங்க தோப்புல அடிக்கிற மருந்தும் ஒண்ணுதானா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் என்ற பெயர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்த டப்பாக்களிலேயே இருந்தன. "ஒண்ணுதான்" என்றேன். அந்தக் கூலியாள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு பாட்டிலில் இருந்தது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் மூன்று நான்கு பங்கு. அதற்காக நாடாளுமன்றம் கூட்டுக்குழு அமைத்தது, அமைத்ததும் சரிதான். சரத் பவார் தலைமையில் அமைந்த அந்தக் குழு, சுதந்திர இந்தியாவின் நான்காவது நாடாளுமன்றக் கூட்டுக்குழு. முந்தைய மூன்றும் போஃபர்ஸ் பேரத்தையும் பங்குச்சந்தை ஊழல்களையும் விசாரித்தவை. மக்களின் உடல்நலம் பற்றி அமைந்த முதல் கூட்டுக்குழு இதுதான். 2004 பிப்ரவரியில் அது தந்த அறிக்கை, பாட்டில்களில் மருந்து எச்சம் இருந்ததாக சி.எஸ்.இ. கண்டது சரியே என்று சொன்னது. குளிர்பானத்துக்கென்று இந்தியாவில் வரம்பே இல்லாத குறையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஆர்வலர் அமைப்பு ஒன்று தன் சோதனை முறையையும் எண்களையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியே வைத்து, அவற்றை அரசு மறுபடி சோதித்து, நாடாளுமன்றம் தீர்ப்புச் சொன்னது நம் பொதுவாழ்வில் அரிதாக நடந்த நல்ல காரியம். அதை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனாலும் அந்தக் கூலியாளின் கேள்விக்குப் பதில் யாரிடமும் வரவில்லை. 2006 ஆகஸ்டில் சி.எஸ்.இ. மறுபடி சோதித்தது. இந்த முறை 12 மாநிலங்களில் வாங்கிய 57 பாட்டில்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த, ஆனால் அரசு அறிவிக்காமல் வைத்திருந்த வரம்பைவிட சராசரி 24 மடங்கு. கேரளம் தடை விதித்தது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. கோக்கோ கோலா இங்கிலாந்து அரசு ஆய்வகத்தின் முடிவுகளைக் காட்டியது. பெப்சி விளம்பரம் கொடுத்தது. தேநீரிலும் மற்ற உணவுகளிலும் அனுமதிக்கப்பட்டிருக்கிற அளவோடு ஒப்பிட்டால் குளிர்பானத்தில் இருப்பது ஒன்றுமே இல்லை என்பது அதன் சாரம்.

இந்த வாதத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்னாலும் அதில் ஓர் உண்மை இருந்தது. நிலத்தடி நீரிலும் பாலிலும் காய்கறியிலும் மருந்து இருக்கிறது என்றால், அதை அடிக்கிற ஆளின் மூக்கிலும் தோலிலும் எவ்வளவு போயிருக்கும்? எங்கள் அப்பா மாம்பூ எடுக்கும் தை, மாசியில் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பார். ராத்திரி தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிடுவார். பாட்டிலுக்கு ஆய்வகம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார், நாடாளுமன்றக் குழு இருந்தது. அப்பாவின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்க எங்கள் ஊருக்கு யாரும் வந்ததில்லை. அந்த மருந்துகளில் லிண்டேனை விவசாயத்தில் பயன்படுத்துவதற்கு இந்தியாவில் தடை வந்தது 2013-இல்.

அந்தச் சண்டையில் இன்னொன்றும் கண்ணில் படாமலே போனது. 200 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை. மருந்தைப் போல அதைத் தேடிக் கண்டுபிடிக்க நுட்பமான கருவி எதுவும் வேண்டியதில்லை. 2004-இல் சத்தீஸ்கரிலும் ஆந்திராவிலும் சில விவசாயிகள் கோலாவைப் பயிருக்குத் தெளிப்பதாகச் செய்தி வந்தது. உள்ளே மருந்து இருப்பதால்தான் பூச்சி சாகிறது என்று எங்கள் கடையில் எல்லோரும் பேசினார்கள். நிறுவனங்கள் அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றன. வேளாண்மை பற்றி எழுதி வந்த தேவிந்தர் சர்மா, அதில் உள்ள சர்க்கரைக்கு எறும்பு வரும், வந்த எறும்பு புழுவைத் தின்னும் என்று விளக்கினார். அப்படி ஒருமுறை சர்க்கரை பேச்சில் வந்தது. உடனே மறந்தும் போனது.

இன்றைய ஏர்பேடு வேறு. வெங்கடகிரி சாலைப் பக்கம் ஐ.ஐ.டி.யும், ஐசர் என்கிற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் வளாகம் கட்டியிருக்கின்றன. இரண்டும் திருப்பதிக்கு 2015-இல் வந்தவை. அதே 2015-இல் எங்கள் இன்றைய மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், ஸ்ரீசிட்டியில் பெப்சியின் பெரிய ஆலை திறந்தது. சித்தூர் மாம்பழத்துக்கு அங்கே சந்தை கிடைக்கும் என்று எங்கள் விவசாயிகள் சந்தோஷப்பட்டார்கள். எங்களுக்கு அந்த ஆலை எதிரியில்லை. தோதாபுரி மாம்பழ விலை சரிகிற ஆண்டுகளில் கூழ் ஆலையை நம்பித்தான் தோப்புக்காரர்கள் நிற்கிறார்கள்.

சர்க்கரை பற்றிய வாதம் உலகளவில் வெளியே வந்ததும் அதே ஆண்டில்தான். மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதமாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றது. 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: உடல் பருமனுக்குச் சாப்பாட்டைவிட உடற்பயிற்சிக் குறைவே பெரிய காரணம் என்று பேசிவந்த விஞ்ஞானிகள் குழு ஒன்றுக்கு கோக்கோ கோலா 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. அந்தக் குழு ஆண்டு முடிவதற்குள் கலைந்தது. மறு ஆண்டு இன்னும் பழைய கதை ஒன்று ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. 1960-களில் ஹார்வர்டு விஞ்ஞானிகள் மூவர் இதய நோய்க்குக் கொழுப்பைக் குறைசொல்லி, சர்க்கரையின் பங்கைச் சிறிதாக்கி எழுதியதற்கு, சர்க்கரைத் தொழில் அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது. கேட்டபோது இன்றைய சர்க்கரைச் சங்கம், இன்னும் வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, அந்தக் காலத்தில் யாரும் அப்படி அறிவிப்பதில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

2023 ஜூனில் சென்னை மருத்துவர்கள் ஆர்.எம்.அஞ்சனாவும் வி.மோகனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு வந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது அது. அதில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் நோய்க்கு அந்த பாட்டில்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தாத்தாவுக்கும் இருந்தது, மூன்று வேளையும் அரிசிச் சோறு வேறு. கடையை இப்போது அவர் மகன் பார்க்கிறான். சித்தப்பா குடிப்பது சர்க்கரை இல்லாத கோலா.

அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே அடுத்த செய்தி. சர்க்கரைக்குப் பதில் போடும் அஸ்பார்டேமைப் புற்றுநோய்க் காரணியாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சேர்க்கப்போகிறது என்று கசிந்தது. முடிவு வெளிவரும் முன்பே பன்னாட்டுக் குளிர்பானச் சங்கம் கவலை தெரிவித்தது. மக்கள் குழம்பிப்போய் அதிகமாகச் சர்க்கரை சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள் என்றது. சர்க்கரையின் கேட்டை அந்தத் தொழிலின் வாயாலேயே கேட்க எனக்கு இருபது ஆண்டு ஆகியிருக்கிறது. மறுபக்கம், இந்த ஆய்வை நீண்டகாலமாகக் கேட்டு வந்த அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று, அஸ்பார்டேமைத் தவிர்த்துவிடுங்கள் என்றது. ஜூலை 14-இல் வந்த முடிவோ இரண்டு பகுதிகள் கொண்டது. புற்றுநோய் உண்டாக்கலாம், ஆனால் சான்று குறைவு என்கிற 2பி பிரிவில் அது வைக்கப்பட்டது. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவுதான். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை இன்னொரு நிபுணர் குழு மாற்றவில்லை. நிறுவனங்கள் இரண்டாவதை மட்டும் சொல்லின. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் முதலாவதை மட்டும் சொல்லின.

சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "என்னப்பா, இதைக் குடிச்சா புற்றுநோய் வருமாமே? பழையபடி அதையே குடிச்சிடட்டுமா?" சங்கம் பயந்தது அப்படியே நடந்துவிடும் போலிருந்தது. "ரெண்டும் வேண்டாம் சித்தப்பா. மோர் குடிங்க. எப்பவாவது ஒண்ணு குடிச்சா பயப்பட வேண்டாம்" என்றேன்.

இப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஓர் ஆய்வு வெளியானதும் தொழிலும் ஆர்வலர் அமைப்பும் சண்டை போடுவது விடைக்காக மட்டும் இல்லை. எந்தக் கேள்வியைப் பேசுவது என்பதற்காகவும்தான். 2003-இல் கேள்வி பாட்டிலில் உள்ள மருந்தாக இருந்தது; மருந்தடித்தவனும் சர்க்கரையும் வெளியே நின்றார்கள். 2023-இல் கேள்வி அஸ்பார்டேமாக இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை இனிப்பு நமக்குத் தேவை என்பது வெளியே நின்றது. இரண்டு தரப்பையும் ஒரே தட்டில் நான் வைக்கவில்லை. லாபத்துக்காகப் பேசுகிறவரும் பொதுநலத்துக்காகப் பேசுகிறவரும் ஒன்றல்ல. ஆனால் யார் பணம் கொடுத்தார்கள், சோதனை முறையை வெளியே வைத்தார்களா, வேறொருவர் செய்தும் அதே முடிவு வந்ததா என்ற மூன்றையும் இருவரிடமும் கேட்க வேண்டும். அந்த மூன்றுக்கும் பதில் வைத்திருந்ததால்தான் 2003-இல் சி.எஸ்.இ. நின்றது.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் சர்க்கரை, உப்பு, கொழுப்பை எப்படிக் காட்டுவது என்பதில் இன்று நடக்கும் இழுபறியும் இதுதான். 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நட்சத்திர மதிப்பீடு தரும் வரைவைக் கொண்டுவந்தது. உணவுத் தொழிலுக்கு அது உவப்பாக இருந்தது. ஊட்டச்சத்து ஆர்வலர்கள், அதிகச் சர்க்கரை என்று நேரடியாக எழுதுங்கள் என்கிறார்கள். இதில் நான் ஆர்வலர்கள் பக்கம். மருந்து டப்பாவில் முக்கோணம் போட்டு, சிவப்பா பச்சையா என்று நிறத்தால் நஞ்சின் கடுமையைக் காட்டுகிறோம். படிக்கத் தெரியாத எங்கள் கூலியாட்களும் அதைப் புரிந்துகொண்டார்கள். நிறைய சர்க்கரை போட்ட பானத்துக்கு நட்சத்திரம் கொடுத்தால், அதை நல்லது என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊருக்கு ஆய்வகங்கள் வந்துவிட்டன. இனி டெல்லியின் சண்டைக்காக நாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஏர்பேட்டைச் சுற்றியுள்ள கிணறுகளில் என்ன மருந்து இருக்கிறது, மருந்தடிப்பவர்கள் ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு சர்க்கரை குடிக்கிறார்கள் என்று அந்த வளாகத்து மாணவர்கள் சோதிக்கட்டும். முடிவைத் தெலுங்கிலும் தமிழிலும் கூட்டுரோட்டில் ஒட்டட்டும். நிறுவனங்களும் அமைப்புகளும் அதைப் பார்த்த பிறகு தங்கள் அறிக்கையை எழுதட்டும்.