வௌவால் படலம்: அட்வென்ச்சர் இன்றும் செல்லுமா என்பது குறித்து ஓர் ஆய்வு

அட்டாரி நிறுவனம் 1980-இல் வெளியிட்ட அட்வென்ச்சர் என்னும் வீடியோ கேம் இன்றும் ஆடத் தகுமா, தகாதா என்னும் வினா நெடுநாளாகத் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. உலகில் தீர்க்கப்பட வேண்டிய வேறு வினாக்களும் உண்டு என்பதை இவ்வாய்வாளர் அறிவார். அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். இதற்கு இல்லை.

முதலில் ஆய்வுப்பொருள். வாரன் ராபினெட் என்னும் நிரலாளர் தனியொருவராக உட்கார்ந்து செய்த ஆட்டம் இது. ஸ்டான்ஃபோர்டில் அவர் வேறொரு விளையாட்டைப் பார்த்திருந்தார். வில் கிரவுதரும் டான் வுட்ஸும் எழுதிய அந்தக் குகை விளையாட்டில் படம் என்பதே கிடையாது. வடக்கே போ, விளக்கை எடு என்று தட்டச்சு செய்ய வேண்டும். கணினி பதில் எழுதும். இதை ஒரு ஜாய்ஸ்டிக்கும் ஒரே ஒரு பொத்தானும் கொண்ட பெட்டிக்குள் இறக்கிவிடலாம் என்று ராபினெட் நினைத்தார். நினைவகம் போதாது, விட்டுவிடு என்றார் மேலதிகாரி. ராபினெட் விடவில்லை. மேலதிகாரிகளின் பேச்சைக் கேளாமையால் விளைந்த நன்மைகள் என்று தனியே ஓர் ஆய்வு எழுதலாம். இது அதற்கு இடமில்லை.

கதை ஒரு வரி. தீய மந்திரவாதி மாயக் கிண்ணத்தைத் திருடி ராஜ்யத்தில் எங்கோ ஒளித்துவிட்டான். தேடி எடுத்துத் தங்கக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கோட்டை மூன்று, சாவி மூன்று, டிராகன் மூன்று, அறை முப்பது. மதிப்பெண் இல்லை. கடிகாரமும் ஓடாது. பரீட்சைக்கு முந்தைய நாள் விளையாட இதைவிட ஆபத்தான ஆட்டம் வேறில்லை.

பிறர் கொள்கையை முதலில் கூறி மறுப்பது பரபக்கம், தன் கொள்கையை நிறுவுவது சுபக்கம் என்பது நம் சித்தாந்த நூல்களின் முறை. இவ்வாய்வும் அப்படியே செல்லும்.

பரபக்கத்தார் எழுப்பும் முதல் தடை: நாயகன் ஒரு சதுரம். கை, கால், முகம், மீசை எதுவும் இல்லை. அவன் ஏந்தும் வாளோ ஓர் அம்புக்குறி. இடப்பக்கம் நோக்கியே இருக்கும். எந்தத் திசையில் ஓடினாலும் திரும்பாது. அதை எந்தப் பக்கத்திலிருந்து தொட்டோமோ அந்தப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே வாளைப் பின்னால் மாட்டிக்கொண்டு டிராகனை நோக்கி ஓடும் அவலம் இந்த ஆட்டத்தில் அன்றாடம் நிகழ்வது.

இதற்கு விடை. இந்த ஆட்டம் ஓடும் பெட்டி 1977-இல் வந்த அட்டாரி 2600. அதன் படம் வரையும் சில்லு, பாங் என்னும் பந்தடி ஆட்டமும் டாங்கிச் சண்டையும் ஆடுவதற்கென்று அமைக்கப்பட்டது. ஆகவே அதனிடம் இருந்தவை ஆட்டக்காரர் உருவங்கள் இரண்டு, அவர்கள் சுடும் குண்டுகள் இரண்டு, பந்து ஒன்று, அவ்வளவுதான். ராபினெட் உருவங்கள் இரண்டையும் டிராகனுக்கும் சாவிக்கும் வாளுக்கும் ஒதுக்கினார். குண்டுகள் சில அறைகளில் மெல்லிய சுவர்களாயின. மிஞ்சியது பந்து. அதுவே நாயகன். அவனுக்கு முகம் இல்லாமல் போனதில் கலைக்குறை எதுவும் இல்லை. மிச்சமிருந்த பதவி அது ஒன்றுதான்.

ஓர் அறையில் மூன்று பொருள்கள் சேர்ந்துவிட்டால், இரண்டே உருவங்களை வைத்துக்கொண்டு நிரல் மாறி மாறிக் காட்டும். எல்லாம் கண்சிமிட்டும். இன்றைய தட்டைத் திரைகளில் இது கண்ணைக் குத்துகிறது என்பது உண்மை. இத்தடையை இவ்வாய்வாளர் மறுக்கவில்லை, கடந்து போகிறார்.

இரண்டாம் தடை மிகக் கடுமையானது: டிராகன்கள் வாத்துகளைப் போல இருக்கின்றன.

இதில் அறிஞர்கள் இரு பிரிவு. வாத்து என்போர் கழுத்தையும் அலகையும் காட்டுவர். கடற்குதிரை என்போர் வளைந்த வாலைக் காட்டுவர். இருவரும் வயிற்றை மறந்துவிட்டார்கள். அந்த உருவத்தின் வயிற்றில் ஒரு வெற்றிடம் உண்டு. விழுங்கப்பட்டதும் நம் சதுரம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு துடிதுடிக்கும்; வெளியே வர முடியாது. எந்த வாத்தும் ஆளை முழுசாக விழுங்கியதாகச் சான்றில்லை. கடற்குதிரைக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. தோற்றத்தால் வாத்து, தொழிலால் டிராகன் என்று கொள்வதே இவ்வாய்வின் துணிபு. மஞ்சள் யார்கல், பச்சை கிரண்டில், சிவப்பு ரைண்டில் என்று அவற்றுக்குப் பெயருமுண்டு. யார்கலுக்குத் தங்கச் சாவியைக் கண்டால் பயம், ஓடும். ஏன் என்று எங்கும் சொல்லப்படவில்லை. வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

மூன்றாம் தடை அளவு பற்றியது: ஆட்டம் மிகச் சிறியது. ஆட்டத்தின் நிரல் முழுவதும் 4,096 பைட். ஓடும்போது பயன்படும் நினைவகம் 128 பைட். ஒப்புநோக்க: யூனிகோடில் எழுதி யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் செலவாகும், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. இந்தக் கட்டுரை டிராகன்களை எட்டும் முன்பே 4,096 பைட் தீர்ந்துபோயிற்று. அதே இடத்தில் ராபினெட் மூன்று கோட்டைகளைக் கட்டி, இருட்டுக் குகைகளைத் தோண்டி, காந்தமும் பாலமும் செய்து வைத்து, டிராகன்களுக்கு மனநிலையும் கொடுத்திருக்கிறார். எதிர்த்தரப்பார் இவ்விடத்தில் மௌனம் காப்பது நலம்.

அவர் செய்த இன்னொன்றும் அதற்குள் இருக்கிறது. அதுதான் இன்று ஆட்டத்தைவிடப் பெரிய புகழ் பெற்றுவிட்டது. அக்காலத்து அட்டாரி, ஆட்டத்தைச் செய்தவரின் பெயரை எங்கும் போடுவதில்லை. கருப்புக் கோட்டைக்குள் பாலம் போட்டால்தான் எட்டக்கூடிய ஒரு மூலையில், பின்னணியின் சாம்பல் நிறத்திலேயே ஒரு புள்ளியை ராபினெட் ஒளித்து வைத்தார். அதைக் குறிப்பிட்ட ஓர் அறைக்குக் கொண்டுவந்து வேறு பொருள்களையும் சேர்த்துவிட்டால், மேலே சொன்ன அதே கண்சிமிட்டலால் மெல்லிய சுவர் வலுவிழக்கும். அதைத் தாண்டினால் ஓர் அறை. அங்கே செய்தவர் பெயர் வண்ணம் மாறி மாறி மின்னும். நிறுவனத்தில் ஒருவரிடமும் சொல்லாமல், இருந்த இடத்தில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐந்தை இந்தக் கையெழுத்துக்கே செலவழித்துவிட்டு வேலையை விட்டுப் போனார். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகுதான் அட்டாரிக்கே விஷயம் தெரிந்தது. இதுவே வீடியோ கேமில் ஒளித்து வைக்கப்பட்ட உலகின் முதல் ரகசியம் என்று எழுதுவோர் 1977-இன் ஸ்டார்ஷிப் 1 ஆர்கேட் ஆட்டத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு எழுதவும்.

ரெடி பிளேயர் ஒன் நாவலும் 2018-இல் வந்த அதன் திரைப்படமும் இந்த அறையை உலகறியச் செய்தன. ஆனால் வாசகர் ஏமாற வேண்டாம். கையெழுத்தைப் பார்க்கப் போவது யாத்திரை, ஆட்டம் வேறு. பெயரைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறவர்கள் அட்வென்ச்சரை ஆடியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

இனிச் சுபக்கம். ஆட்டம் இன்றும் செல்லும். காரணம் ஒன்றே: வௌவால்.

கருப்பு வௌவால் ஒன்று இந்த ராஜ்யத்தில் சதா பறந்துகொண்டிருக்கிறது. சுவர் அதற்குச் சுவர் இல்லை. கண்ணில் பட்டதை எடுக்கும். சலித்துப்போனால் அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். நம் கையில் இருப்பதையும் பறிக்கும். அதற்கு நம்மீது பகை கிடையாது, நட்பும் கிடையாது. டிராகனாவது நம்மைத் தின்ன வேண்டும் என்று ஒரு மரியாதை வைத்திருக்கிறது. வௌவாலுக்கு நாம் பொருட்டே இல்லை.

நாம் பார்க்காத அறைகளிலும் அது பறந்துகொண்டுதான் இருக்கிறது என்பது இதில் முக்கியம். டிராகன்களும் அப்படியே அலைகின்றன. இன்று நூறு கோடி செலவழித்துக் கட்டப்படும் ராஜ்யங்கள் பலவற்றில், நாம் வாசலில் கால் வைக்கும்வரை பூதங்கள் சிலைகளாக நிற்கின்றன. நாம் போனதும் வேலையில் சேருகின்றன. 128 பைட் ராஜ்யத்தில் யாரும் நமக்காகக் காத்திருக்கவில்லை.

கருதுகோளைச் சோதிக்க, பன்னிரண்டு வயதான என் அக்கா மகன் லேப்டாப்பின் முன் உட்கார வைக்கப்பட்டான். எமுலேட்டரில், மூன்று ஆட்ட வகைகளுள் இரண்டாம் ஆட்டம்.

“மாமா, இதுல நான் எங்க?”

“அந்தச் சதுரம்தான் நீ.”

“சரி.”

பரபக்கத்தாரின் முதல் தடை ஒரே சொல்லில் விழுந்தது. மைன்கிராஃப்டில் கட்டம் கட்டமாக வளர்ந்த பிள்ளைக்குச் சதுரம் ஒரு குறையாகவே தெரியவில்லை. வாத்து என்று சிரித்தான். ஒருமுறை விழுங்கப்பட்டபின் சிரிக்கவில்லை. வாளால் பச்சையைக் கொன்றான். கருப்புச் சாவியைத் தேடிப்பிடித்து, கருப்புக் கோட்டையின் கதவை நெருங்கிவிட்டான். அப்போது எங்கிருந்தோ வந்தது வௌவால். காலில் செத்துப்போன பச்சை டிராகன். அதை அங்கே போட்டது, சாவியை எடுத்தது, சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

“மாமா, போங்கு! சாவிய எடுத்துட்டுப் பொணத்தப் போட்டுட்டுப் போகுது!”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு, “அது இப்ப எந்த ரூம்ல இருக்கும்?” என்று கேட்டான்.

ஆய்வு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது எனலாம். திரையில் இல்லாத ஒன்று எங்கே இருக்கும் என்று ஒரு பிள்ளை கவலைப்பட்டால் அந்த ராஜ்யம் உயிரோடிருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டபோது அவன் வரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அக்கா தன் கருத்தையும் பதிவு செய்தாள்.

துணைச் சான்று ஒன்று. டிராகன் நம்மை விழுங்கிவிட்டால் ரீசெட் ஸ்விட்சைத் தட்டி மறுபிறவி எடுக்கலாம். பொருள்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கொன்ற டிராகன்களும் நம்மோடு எழுந்துவிடும். தட்டாமல் பொறுத்திருந்தால், அதிர்ஷ்டமிருப்பின், வௌவால் வந்து நம்மை விழுங்கிய டிராகனையே தூக்கிக்கொண்டு பறக்கும். டிராகனின் வயிற்றில் உட்கார்ந்தபடி ராஜ்யத்தை அறை அறையாகச் சுற்றிப் பார்க்கலாம். உயிரோடிருந்தபோது போகாத இடங்களையெல்லாம் அப்போதுதான் காண்போம். எந்தப் பொத்தானும் வேலை செய்யாத நேரத்திலும் ரசிக்க வைக்கும் ஆட்டங்கள் இன்றும் அதிகமில்லை.

நடைமுறைக் குறிப்பு. இடப்பக்க டிஃபிகல்டி ஸ்விட்சை ‘ஏ’யில் வைத்தால் டிராகன்கள் கடிக்குமுன் தயங்குவதில்லை, வலப்பக்கத்தை ‘ஏ’யில் வைத்தால் வாளைக் கண்டு ஓடும். இரண்டும் சேர்ந்தால் நல்ல ஆட்டம். மூன்றாம் ஆட்டத்தில் பொருள்கள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கிடக்கும். ஒன்றாம் ஆட்டத்தில் வௌவாலே கிடையாது. அதை மட்டும் ஆடி முடித்துவிட்டு, இது காலாவதியான சரக்கு என்று எழுதியவர்கள் முதல் சாட்சியைக் கூப்பிடாமலே தீர்ப்பு எழுதியவர்கள். செலக்ட் ஸ்விட்சை மூன்றுக்குத் தட்டிவிட்டு மேல்முறையீட்டுக்கு வரட்டும்.